பெரிய மாப்பிள்ளையின் துப்பாக்கிச் சத்தம்

நாற்காலியை அவர் இழுக்கவே மாட்டார். இரண்டு கையாலும் தூக்கி, கொஞ்சம் நகர்த்தி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல இறக்கிவிட்டுத்தான் உட்காருவார். தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரலைக் கொடுத்து, கோப்பை இறங்கியதும் விரலை மெல்ல உருவிக்கொள்வார். எதிரில் இருப்பவர் கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டால் போச்சு. பல்வலி வந்தவர் மாதிரி இவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

சோபாவுக்கும் நாற்காலிக்கும் பஞ்சு வைத்துத் தைப்பது தொழில். பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, அது கடைப் பலகையோடு சரி. தெருவுக்கு அவர் பஞ்சு. கடையில் மிஞ்சுகிற துணியும் ஃபோமும் ஒன்று விடாமல் வீட்டுக்கு வந்து சேரும். கதவு விளிம்புகளில் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். மேசை, கட்டில், ஸ்டூல் எல்லாவற்றின் கால்களும் காலுறை போட்டிருக்கும். வாசல் மணியின் நாக்கிலும் துணி சுற்றி வைத்திருக்கிறார். வந்தவர்கள் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் அவருடைய மாமனார்.

"கல்யாணமான புதுசுல இவர் இன்னும் வரலையேன்னு வாசலையே பாத்துட்டு நிப்பேன். பாத்தா, உள்ள உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பாரு. எப்ப வந்தாருன்னே தெரியாது" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வார். குறையாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்று கேட்கிறவர்கள்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்த மனிதரிடம்தான் ஒரு காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. பலூன் சுடுகிற விளையாட்டுச் சாமான் இல்லை. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவு கனமான ரகம். "உங்களுக்கு எதுக்குங்க இது?" என்று கேட்காதவர்கள் இல்லை. "வாரம் பூரா அடுத்தவங்க முதுகு சாயறதுக்காக நான் குனிஞ்சே கெடக்கறேன். ஒரு மணி நேரமாவது நிமிந்து நிக்கலாம்னுதான்" என்பார். சொல்லிவிட்டு, ரொம்பப் பேசிவிட்டோமோ என்று கடையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நிமிர்ந்து நிற்கிற இடம் மாமனார் வீட்டுப் பின்புறக் கொட்டகை. மாமனார் மரக்கடை வைத்திருந்தபோது பலகை அடுக்கியது. நல்ல நீளம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒரு கோடியில் அட்டையை மாட்டி, மறு கோடியில் நின்று சுடுவார். கை ஆடாது. அட்டையில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கும்.

அந்தக் கொட்டகை அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் அந்த வீட்டு முன்னறையைப் பார்க்க வேண்டும். டீவிக்கு நேராக மாமனாரின் நாற்காலி. அதை ஒட்டினாற்போல் சின்ன மாப்பிள்ளையின் நாற்காலி. ஊர்ப் பேச்சு, உலகப் பேச்சு எல்லாம் அந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முடிந்துவிடும். பஞ்சுவுக்குப் பேச வராது. ஓரமாக உட்கார்ந்து, மாமனாரின் நாற்காலித் தையல் எங்கே பிரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய மாப்பிள்ளை என்ற பேருக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருந்தது என்றால் அது கொட்டகையில்தான். முதல் குண்டு அவருடையது. அவர் சுடாமல் அங்கே யாரும் சுடுவதில்லை.

சின்ன மாப்பிள்ளை, அதாவது பஞ்சுவின் சகலை, மருந்துக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் சத்தம். கார் கதவைச் சாத்தினால் கட்டாயம் நாலு நாய் குரைக்கும். போனில் பேசினால் போனே தேவையில்லை. தும்மினால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் எதையாவது கீழே போட்டுவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் இவர் கார் வாங்கினார், மாடி எடுத்தார், கடையை இரண்டாக்கினார். பஞ்சு எதற்கும் அசரவில்லை. "நல்லா இருக்கட்டும்" என்று மனசாரச் சொன்னவர்தான். அவர் மனைவிக்குத்தான் அப்போதெல்லாம் லேசாக வயிறு எரிந்தது.

போன வருஷம் அந்தச் சகலையும் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கினார். காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துக்கொள்கிற புது ரகம். குழலுக்கு மேல் தடியாக இன்னொரு குழல் மூடியிருந்தது. "சத்தம் கொறையறதுக்காகக் கம்பெனியிலயே போட்டுக் குடுக்கறாங்கண்ணே!" என்று கொட்டகை அதிரச் சொன்னார். பிறகு சுட்டார்.

ப்பு. அவ்வளவுதான். யாரோ மெழுகுவத்தியை ஊதி அணைத்த மாதிரி.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மாமனார் வாயைப் பிளந்தார். "அட, சின்ன மாப்ள துப்பாக்கி பூனை மாதிரியில்ல வருது!" என்றார். அடுத்து பஞ்சு சுட்டார். இரும்புப் பெட்டியின் மூடி தலைக்குள்ளேயே விழுந்த மாதிரி இருந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கின் ரீங்காரம் வேறு. இவ்வளவு நாளும் அதே சத்தம்தான். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

பஞ்சுவுக்குப் பொறாமை வந்தது. கௌரவமாக வேறு பேர் வைக்க வேண்டாம், பொறாமைதான். காரும் மாடியும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சத்தம் போடாமல் இருப்பது மட்டும் தன்னுடையது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதையும் ஒருத்தர் கடைக்குப் போய்ப் பார்சலில் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதுவும் யார்? ஒரு கதவைச் சாத்தத் தெரியாதவர்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

"தங்கச்சி வீட்டுக்காரர் துப்பாக்கியா?"

"அதெல்லாம் ஒரு துப்பாக்கியா? சளி புடிச்சவன் மூக்க உறிஞ்சற மாதிரி."

"உங்களுக்கும் அதே மாதிரி உறிஞ்சணும். அதானே?"

பஞ்சு உட்காரப் போனார். அன்றைக்கு மட்டும் நாற்காலி தரையில் உராய்ந்தது.

இதற்கு நடுவில் கொட்டகையில் அட்டை மாட்டுகிற கடைசிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடிவந்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை, தூக்கமெல்லாம் பகலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீங்கிய கண்ணோடு வந்து வாசல் கேட் பக்கத்தில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். ரெண்டு துப்பாக்கி இருக்குன்னு கேக்கும்போதே தெரியுது. ஒண்ணு பரவால்ல, கேட்டும் கேக்காம போயிடுது. இன்னொண்ணு அப்படியே தூக்கிப் போடுது. அத மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எது என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மாமனார் பஞ்சுவைப் பார்த்தார். சகலை பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சுவும் தன் கையிலிருந்த துப்பாக்கியைத்தான் பார்த்தார்.

"நம்ம கொட்டகையால ஒரு பொண்ணு தூக்கம் கெடக்கூடாது மாப்ள" என்றார் மாமனார். குரலில் கோபம் இல்லை, அதனால் மறுக்கவும் வழியில்லை. "அடுத்த மாசம் அந்தப் பொண்ணையே வச்சுக் கேட்டுப் பாப்போம். அப்பவும் எழுப்புச்சுன்னா, அது என் பீரோவுக்குள்ள போயிடும். சொல்லிட்டேன்."

சகலைக்கு மனசு கேட்கவில்லை. பஞ்சுவின் தோளில் கை போட்டு, "விடுங்கண்ணே. அப்படியே ஆனாலும், நீங்க வந்தா என்னோடதுல ரெண்டு குண்டு சுட்டுக்கோங்க" என்றார். மனசாரத்தான் சொன்னார். அதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் பஞ்சுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த மாதம் கடையில் சோபாக்கள் தோலுரிந்தபடி வரிசையில் காத்துக் கிடந்தன. வாடிக்கையாளர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பஞ்சு துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றி, உள்ளே இருந்த குடைவிலெல்லாம் கம்பளித் துணியைத் திணித்தார். ஸ்பிரிங்குக்குக் கெட்டிக் கிரீஸ் பூசினார். ஒவ்வொன்றும் செய்தபின் கன்னத்தைக் கட்டையில் பதித்து, கழிவுப் பஞ்சு மூட்டையைப் பார்த்துச் சுட்டார். தலைக்குள் அதே பெட்டி மூடி விழுந்தது. ரீங்காரம் கொஞ்சம் அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"கொறஞ்சிருக்கா?" என்று கடையின் உள்ளறையில் இருந்த மனைவியைக் கேட்டார்.

"எது? சுட்டுட்டீங்களா? நீங்க எதையோ மூடி வெக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"என் மனசு ஆறணும்னு சும்மா சொல்லாத."

"சும்மா சொல்றதுக்கு எனக்கென்ன வந்துது?" என்றார் மனைவி. பஞ்சு நம்பவில்லை. பொறாமைக்காரர்களுக்கு நல்ல செய்தி மட்டும் காதில் ஏறாது.

கொட்டகையையும் விடவில்லை. அட்டைக்குப் பின்னால் குண்டு போய் மோதுகிற இரும்புத் தகட்டை எடுத்துவிட்டு, துணிக் கழிவு அடைத்த பெரிய மூட்டை ஒன்றை நிறுத்தினார். பாதி அடைக்கும்போதுதான் இதனால் சகலையின் குண்டும் சத்தமில்லாமல் போய் உட்காருமே என்று உறைத்தது. வாய் திறந்திருந்த மூட்டையைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு மீதியையும் அடைத்தார். அரைகுறையாக எதையும் அடைத்து அந்தக் கைகளுக்குப் பழக்கமில்லை. வழியில் மருந்துக்கடையைத் தாண்ட வேண்டி வந்தால் மட்டும் எதிர் ஓரமாகப் போனார். கண்ணாடிக்குள்ளிருந்து, "அண்ணே!" என்று குரல் தெரு தாண்டி வரும். இவர் காது கேட்காதவர் மாதிரி நடப்பார்.

சொன்ன ஞாயிறு வந்தது. நர்ஸ் தன் அறையில் வழக்கம்போல ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். சாட்சிக்குப் பஞ்சுவின் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். யார் முதலில் சுடப்போவது என்று நர்ஸுக்குச் சொல்லவில்லை. கொட்டகையில் மாமனார் நடுவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் குண்டு பஞ்சுவுடையது. அந்த உரிமை மட்டும் இன்னும் போகவில்லை. கன்னத்தைக் கட்டையில் பதித்தார், சுட்டார். தலைக்குள் பெட்டி மூடி. அடுத்து சகலை. ப்பு.

தீர்ப்பு வருவதற்கு முன்பே பஞ்சு துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பீரோவுக்குள் போகிறது, எண்ணெய்ப் பிசுக்கோடு போக வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறை ஓரத்தில் உட்கார்ந்து நாற்காலித் தையலை எண்ண வேண்டியதுதான். பின்னாலிருந்து ப்பு, ப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

அவர் மனைவி சுவரைச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னால் நர்ஸ்.

"சொல்லும்மா, எது?" என்றார் மாமனார்.

"ரெண்டாவது சுட்டது சார். அன்னிக்குச் சொன்னதும் இதத்தான்" என்றார் நர்ஸ். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சுட்டீங்களாமே? அக்கா கையக் காட்டினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

சகலை தன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமனார் நம்பாமல், "இருங்க, நானே போய்க் கேக்கறேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் போனார். இருவரும் மறுபடி சுட்டார்கள். திரும்பி வந்தவர் சின்ன மாப்பிள்ளையின் துப்பாக்கியை விரலால் காட்டினார். "பின்னால நின்னா பூனை. முன்னால போனா பட்டாசு" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். சகலையின் துப்பாக்கி தன் சத்தத்தை எல்லாம் முன்பக்கமாக, நர்ஸின் சுவரைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நின்று சுடுகிறவருக்கும் அவர் பின்னால் நின்று மெச்சுகிறவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. பஞ்சுவின் துப்பாக்கி போட்டதோ பெரும்பாலும் ஸ்பிரிங் சத்தம். அது மரக்கட்டை வழியாக நேரே அவர் கன்னத்து எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகையில் நிற்பவர்களுக்குப் பாதி. சுவர் தாண்டினால் ஒன்றுமில்லை. தன் துப்பாக்கியை இன்னொருவர் சுட்டு அவர் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பார்? அதை இந்நாள்வரை யார் கையிலும் கொடுத்ததில்லையே!

"அடுத்தவங்களுக்குக் கேக்காத சத்தத்துக்கு ஒரு மாசமாப் பஞ்சு வெச்சிருக்கீங்க" என்று மனைவி அவர் காதோரம் சொன்னார்.

பஞ்சு சிரித்தார். அதுவும் சத்தமில்லாமல்தான், தோள் மட்டும் குலுங்கியது. வருஷம் பூராப் புகைந்துகொண்டிருந்தது ஒரே நிமிஷத்தில் அணைந்து, உள்ளே ஜில்லென்று ஆகிவிட்டது. மாமனார் சின்ன மாப்பிள்ளையிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அந்தக் காட்சியை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றிருந்தது பஞ்சுவுக்கு. ஆனால் சகலை அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"அண்ணே, நீங்க உங்களோடதுக்கு என்னென்னமோ பண்ணீங்களே. இதுக்கும் ஏதாவது பண்ணிக் குடுங்கண்ணே. உங்கள விட்டா இதுக்கு யாருண்ணே இருக்காங்க?" முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். கேட்கச் சங்கடமாக இருந்தது.

"ஆமா. பெரிய மாப்ள கை வெச்சா எதுவும் அடங்கிடும்" என்றார் மாமனார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து பஞ்சு கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. வந்தது, வேலையையும் கையில் கொடுத்துவிட்டு வந்தது. எப்படி மாட்டேன் என்பார்?

சகலையின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்க் கடையில் ஒரு பெட்டி செய்தார். தையல் மெஷின் மூடி அளவுக்கு, மேல்மூடி வைத்த மரப்பெட்டி. சுடுகிற மேசையில் வைத்து, சகலையின் தடித்த குழலை ஒரு பக்கம் நுழைத்தால் குண்டு மறுபக்கத்து ஓட்டை வழியாகப் போகும். உள்ளே சுவர் முழுக்க ஃபோமும், அதன்மேல் அடுக்கடுக்காகக் கம்பளித் துணியும். விளிம்புகளுக்குக் கறுப்புத் தோல் வைத்துத் தைத்தார். வெளியில் யாரும் பார்க்கப் போகாத மூலைக்குக்கூட இரட்டைத் தையல் போட்டார். முடியும் தறுவாயில்தான் தன் துப்பாக்கியை நுழைத்துப் பார்த்தார். முனையில் குறி பார்ப்பதற்காகத் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புத் துண்டு பெட்டியின் ஓட்டையில் இடித்து நின்றது. உள்ளே போகவில்லை. ஆக, இது சகலைக்கு மட்டுமே ஆன பெட்டி.

மனைவியைக் கூப்பிட்டு, சகலையின் துப்பாக்கியைப் பெட்டிக்குள் நுழைத்துக் கொடுத்தார். எதிரே கழிவுப் பஞ்சு மூட்டை. "நான் பின்சந்துல போய் நிக்கறேன். குரல் குடுத்தா சுடு" என்றார். இந்தத் தடவை கன்னத்தை நம்பத் தயாராக இல்லை.

சந்தில் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நின்றார். "சுடு!"

ஒரு சைக்கிள் போனது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது.

"சுடுன்னு சொன்னேனே!"

"சுட்டாச்சு!" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மறுபடி சுடச் சொன்னார். மறுபடியும் தண்ணீர்தான் சொட்டியது. கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, யார் கையிலும் கொடுக்காத தன் துப்பாக்கியை, தானே ஸ்பிரிங்கை ஏற்றி மனைவியின் கையில் கொடுத்தார். "இப்ப இதச் சுடு" என்று சொல்லிவிட்டு மறுபடி சந்துக்குப் போனார்.

தொப்பென்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் யாரோ தலையணையைக் கீழே போட்ட மாதிரி. தூங்குகிற பூனைகூடக் காதை அசைக்காது. ஆனால் சத்தம் இருந்தது. இருக்கத்தான் செய்தது.

திரும்பி வந்தவரைப் பார்த்து, "என்னங்க, நல்லா வந்திருக்கா?" என்று மனைவி கேட்டார். பஞ்சு பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். அடுக்கடுக்காகத் தான் வைத்த துணியை ஒரு தடவை உள்ளங்கையால் நீவிவிட்டார். வேலை நன்றாகத்தான் வந்திருந்தது.

பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு, நடு அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவினார். பார்த்தார். இன்னொரு துண்டையும் உருவினார். இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவி பார்த்துக்கொண்டுதான் நின்றார். பஞ்சு அவர் பக்கம் திரும்பாமல், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே சுண்டுவிரலைக் கொடுத்து மூடியை இறக்கி, விரலை மெல்ல உருவிக்கொண்டார்.